லாரி நின்றது, மரம் நகர்ந்தது

ஒரு வீடியோ ஆடாமல் ஓடினால் அதில் இருப்பது உண்மை என்று உங்களுக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. நாமாகவே நம்பிக்கொண்டோம். சுவரில் ஊறிய ஈரத்தில் முகம் தெரிகிறது என்று கற்பூரம் கொளுத்துகிறவர்களைக் கேலி செய்யும் படித்தவர்கள்கூட, வழவழவென்று ஓடும் ஒரு வீடியோவைப் பார்த்தால் கேள்வி கேட்பதில்லை. கை நடுங்கி எடுத்த படத்தை மட்டும் "ஒண்ணும் புரியலையே" என்று தள்ளிவிடுகிறார்கள்.

அந்த வழவழப்பை உண்டாக்குவதையே தொழிலாகக் கொண்டவர் முனவரா. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் அவருடைய கணினி இருக்கிறது. வயது நாற்பத்தொன்று. கணவர் கமாலுதீன் கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் வீடியோ எடுப்பவர். அவர் எடுத்துவருவதை வெட்டி, ஒட்டி, ஆட்டத்தை நிறுத்தி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது முனவராவின் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறார்.

முனவரா எதையும் எளிதில் நம்பாதவர். கல்யாண வீடியோவில் எல்லாரும் மணப்பெண்ணைப் பார்ப்பார்கள். அவர் பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். சுவர் நெளிந்தால் மென்பொருள் ஏதோ தவறு செய்திருக்கிறது என்று பொருள். இந்த எச்சரிக்கை அவருக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் தாய்மாமனால் வந்தது.

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் யாரோ கமாலுதீனின் முழங்கையை இடித்துவிட, படம் ஆடிவிட்டது. முனவரா மென்பொருளில் ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். ஆட்டம் நின்றது. ஆனால் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மென்பொருள் படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. நகர்த்தினால் ஓரத்தில் கறுப்பாக இடைவெளி விழும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்குகிறது. பெரிதாக்கினால் நான்கு ஓரமும் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட ஓரத்தில் பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டோடு நின்றிருந்தார். வீடியோவில் தட்டு வந்தது, கை வந்தது, மாமன் வரவில்லை.

மாமன் மாடி ஏறி வந்தார். "ஏம்மா, தட்ட மட்டும் வச்சிக்கினு ஆள வெட்டிட்டியே, எங்க அக்கா சொல்லிச்சா?"

"ஐயோ இல்லீங்க, கம்ப்யூட்டர் வெட்டிடுச்சி."

"கம்ப்யூட்டருக்கு எம்மேல இன்னாம்மா கோவம்?"

அக்காவும் தம்பியும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. முனவரா அன்றிலிருந்து இரண்டு விதிகளை வைத்துக்கொண்டார். வந்த அசலைத் தொடாமல் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு வருடமாவது வைத்திருப்பது ஒன்று. வேலை முடிந்ததும் நான்கு ஓரத்தையும் அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது விதியை அவர் ஒரே ஒரு முறை மீறினார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆவணி மாதம். அடுத்தடுத்து முகூர்த்தங்கள். ஒரு முற்பகலில் செங்குட்டுவன் என்பவர் பென்டிரைவோடு வந்தார். நெய்வேலி சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் வீதிகளில் பெருக்குவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் ஆள் வைத்திருந்த ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் அவர்.

"மேடம், பதினெட்டு செகண்டுதான். ஆட்டத்த மட்டும் நிறுத்திக் குடுங்க. ஆபீசர் பாக்கணும்."

"என்ன சார் வீடியோ?"

"சின்ன ஆக்சிடென்ட். நின்னுட்டிருந்த லாரில ஒரு லேடி வந்து இடிச்சிக்கிச்சி."

முனவரா அசலைப் பிரதி எடுத்து வைத்தார். அது கை பழகிய வேலை. பிறகு பட்டனை அழுத்தினார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. படத்தைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்துத் திரையில் ஒரு வரவேற்பு வீடியோ பாதியில் கிடந்தது. செங்குட்டுவன்தான் குனிந்து பார்த்தார். ஒரு முறை பார்த்தார். முகம் மாறியது. மறுபடி பார்த்தார்.

"ஆங், இதான். இதேதான் நடந்துச்சி" என்றார். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கப் போனவர், திரும்பி வந்தார். "பழசு உங்க சிஸ்டத்துல இருக்க வேணாம் மேடம். அழிச்சிருங்க. அசிங்கமா ஆடுது."

முனவராவுக்குச் சுருக்கென்றது. எல்லாரும் ஒன்று விடாமல் வேண்டும் என்று கேட்பார்கள். அழிக்கச் சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "சரிங்க சார்" என்றார். அழிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஓர் இளம்பெண் படியேறி வந்தார். மருந்துக் கடையில் வேலை செய்யும் சத்யா. கைபேசியை நீட்டினார். அதில் அந்தப் பதினெட்டு விநாடி ஓடியது. கீழ் மூலையில், பூ வளையத்துக்குள், 'கமால் வீடியோஸ்' என்ற பெயர் மின்னியது. கல்யாண வீடியோக்களுக்குத் தானாக விழும்படி வைத்திருந்த முத்திரை. அதை எடுக்க மறந்திருந்தார் முனவரா.

"இது உங்க கடைதானேக்கா?"

"ஆமாம்மா."

"இதுல இருக்கறது எங்கம்மா. பட்டம்மாள். அதும்மேல உங்களுக்கு இன்னாக்கா கோவம்?"

பட்டம்மாள் பதினான்கு வருடமாக டவுன்ஷிப் வீதிகளைப் பெருக்கிய ஒப்பந்தத் தொழிலாளி. இருபத்தோராவது பிளாக்கில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது குப்பை லாரி இடித்து இடுப்பெலும்பு உடைந்து கடலூரில் மருத்துவமனையில் கிடந்தார். பின்னோக்கி வரும் லாரிக்கு ஓர் ஆள் பின்னால் நின்று சைகை காட்ட வேண்டும். காட்டினாரா, லாரி நகர்ந்ததா என்பதுதான் வழக்கு. ஒப்பந்தக்காரர் ஒரு தாளை நீட்டியிருந்தார். 'நின்றிருந்த லாரியில் என் கவனக்குறைவால் மோதி விழுந்தேன்.' அதில் கையெழுத்துப் போட்டால் அது வேலையிடத்து விபத்து இல்லை. தன் தவறால் விழுந்தவர் என்று எழுதி, டவுன்ஷிப்பில் வேலை செய்யக் கொடுத்த பாஸை ரத்து செய்துவிடலாம். பாஸ் போனால் வேலை போயிற்று.

"மொதல்ல லாரிதான் வந்து இடிச்சிச்சின்னு அம்மா அடிச்சிச் சொல்லிச்சிக்கா. இந்த வீடியோவ அவுங்க கொண்டாந்து கொண்டாந்து காட்டிக்கினே இருந்தாங்க. நேத்து அதுவே கேக்குது, 'நாந்தான் நவுந்துட்டனோ இன்னாவோ'ன்னு. வியாழக்கெழம விசாரண. கையெழுத்து போட்டுடறேன்னு சொல்லுது."

முனவரா கைபேசியை வாங்கிப் பார்த்தார். லாரி கல் போல நின்றது. குனிந்திருந்த பெண், பின்பக்கமாகவே வந்து லாரியில் மோதி விழுந்தார். சந்தேகமே இல்லாத படம். இரண்டாவது முறை அவர் பெண்ணை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தார். சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். பட்டம்மாளோடு சேர்ந்து அந்த மரமும் லாரியை நோக்கி வந்தது.

"அல்லாவே" என்றார் மெதுவாக.

மென்பொருளுக்குத் தரை எது, லாரி எது என்று தெரியாது. படத்தில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, தெளிவான புள்ளிகளோடு எது இருக்கிறதோ, அதையே அசையாத பொருள் என்று எடுத்துக்கொள்கிறது. ஊர்வலத்துக்குக் குறுக்கே ஒரு கம்பெனி பஸ் போனால், பஸ் நின்று ஊர்வலம் பின்னோக்கிப் போகும். அதைப் பலமுறை பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்தியிருக்கிறார் முனவரா. இந்தப் படத்தில் முக்கால் பங்கு லாரி. அதன் தகரம், போல்ட்டுகள், பின்பக்கத்து எழுத்துகள். மென்பொருள் லாரியைப் பிடித்து நிறுத்திவிட்டு, சாலையையும் மரத்தையும் பட்டம்மாளையும் அதன் மீது கொண்டுபோய் மோதியது. சுழலும் சக்கரம் காட்டிக்கொடுத்திருக்கும். அது படத்தின் கீழ் ஓரத்தில் இருந்தது. பெரிதாக்கியதில் வெட்டுப்பட்டுவிட்டது.

ஒரு பொய்யைச் சொல்வதற்கு ஆள் தேவைப்படவில்லை, இயந்திரம் சொன்னது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத்தான் ஆள் தேவைப்பட்டது. செங்குட்டுவனுக்கு மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என்ன நடந்தது என்று தெரியும். தெரிந்ததால்தான் முகம் மாறியது. தெரிந்ததால்தான் அழிக்கச் சொன்னார்.

"போம்மா. அம்மாவ கையெழுத்து போடாம இருக்கச் சொல்லு. நான் பாக்குறேன்" என்று சத்யாவை அனுப்பினார். கமாலுதீன் ஒரு மூலையில் பேட்டரிகளை மாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நீ வேணும்னேவா பண்ண? மெஷின் பண்ணுச்சி. பேசாம இரு."

"பட்டன அமுக்குனது யாருங்க?"

"அந்த கான்ட்ராக்டர் ஆளுங்க வூட்டு விசேஷம் பூரா நமக்குத்தான் வருது. தெரியும்ல?"

"தெரியும். அந்த மூலையில மின்னுதே, அது யாரு பேரு?"

கமாலுதீன் கையிலிருந்த பேட்டரியை மேசையில் வைத்தார். "பூ வளையத்தோட வேற போட்டுக் குடுத்திருக்க" என்று மட்டும் முணுமுணுத்தார்.

முதலில் அந்த வீடியோவை எடுத்தவரைத் தேடினார் முனவரா. சத்யாவுக்குத் தெரிந்திருந்தது: அதே பிளாக்கில் குவார்ட்டர்ஸில் இருக்கும் குமரவேல். நிரந்தரத் தொழிலாளி. ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. ஷிப்ட் முடிந்து வரும்போது காம்பவுண்டுச் சுவரில் ஒரு மயில் நிற்பதைப் பார்த்து, வண்டியை அணைக்காமலே ஒரு கையால் வீடியோ எடுத்திருக்கிறார். அதற்குள் லாரி குறுக்கே வந்தது. என்ஜின் அதிர்வு கைக்கு ஏறி, கை படத்துக்கு ஏற்றியதுதான் அந்த ஆட்டம்.

"நான் மயிலத்தாம்மா பாத்தேன்" என்றார் குமரவேல்.

"மயிலுக்கு முன்னால லாரி வந்துச்சே சார்."

"அது வந்துச்சி. நான் மயிலத்தான் பாத்தேன்."

"வீடியோ போன்ல இருக்கா?"

"அந்த சூப்பர்வைசர் வந்து கேபிள் போட்டு எடுத்துக்கினு போனான். சாட்சி அது இதுன்னு உங்கள அலைய வுடுவாங்க சார், அழிச்சிருங்கன்னான். அழிச்சிட்டேன். ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா எனக்கு."

நிரந்தர வேலையின் பாதுகாப்பு இதுதான்: அது ஒருவரைத் துணிச்சல்காரராக்கியிருக்க வேண்டும், இழப்பதற்கு ஒன்றைக் கொடுத்துப் பயந்தவராக்கியது. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ பயப்படும் உரிமைகூட இல்லை. செங்குட்டுவன் தன்னிடம் இருந்ததை வைத்திருக்கப் போவதில்லை. ஆக, அந்தப் பதினெட்டு விநாடியின் அசல் உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் பாக்கி இருந்தது. செருப்புக் கடையின் மாடியில், கல்யாணங்களுக்கு நடுவில்.

மறுநாள் காலை முனவரா மறுபடி அந்த வேலையில் உட்கார்ந்தார். இம்முறை பட்டனை அழுத்தவில்லை. லாரியைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, அதற்குள் இருக்கும் எதையும் கணக்கில் எடுக்காதே என்று மென்பொருளுக்குச் சொன்னார். நிற்பவை எவை என்று தானே தேர்ந்தெடுத்தார்: மரத்தின் அடிப்பகுதி, காம்பவுண்டுச் சுவரின் தூண், சாலையோரக் கல். தானாகப் பெரிதாக்கும் வசதியை அணைத்தார். ஓரத்தில் கறுப்பு விழுந்தால் விழட்டும். ஆட்டத்தை முழுதாகத் துடைக்கவும் இல்லை. அளவுக்கு மீறி நிறுத்தினால் என்ஜின் அதிர்வு பட்ட படம் ஜெல்லி போல நெளிகிறது. நெளிந்த படத்தில் மனிதர்களின் கால்கள் இல்லாத இடத்துக்கு நீள்கின்றன. கொஞ்சம் ஆடவிட்டார். பிறகு, முன்பு செய்யாமல் விட்ட வேலையைச் செய்தார். நான்கு ஓரத்தையும் அசலோடு வைத்துப் பார்த்தார். பூ வளையத்தையும் எடுத்தார்.

கல்யாண வீட்டாரிடம் கொடுத்தால் திருப்பி எறிவார்கள், அப்படி ஒரு படம். கறுப்பு ஓரங்கள் தத்தளித்தன. ஆனால் மரம் நின்றது. பட்டம்மாள் நின்றார். லாரி வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒப்பந்தக்காரரின் தகரக் கூரை அலுவலகத்தில் விசாரணை. வெளியிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி திலகவதி, கையில் ஒரு கோடு போட்ட நோட்டும் ஸ்கேலும் வைத்திருந்தார். பட்டம்மாளுக்குப் பதிலாகச் சத்யா. எதிரே செங்குட்டுவன். முனவரா லேப்டாப்பைத் திறந்ததும் செங்குட்டுவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"நீங்க மொதல்ல பாத்த வீடியோவ செஞ்சது நான்தான் மேடம். தப்பா செஞ்சிட்டேன்" என்றார் முனவரா. மென்பொருள் லாரியை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று விளக்கி, புதிய படத்தைப் போட்டுக் காட்டினார்.

திலகவதி சலனமே இல்லாமல் பார்த்தார். "மொதல்ல ஒண்ணு பண்ணீங்க. அதுல அந்தம்மா வந்து இடிச்சாங்க. இப்ப ஒண்ணு பண்ணியிருக்கீங்க. இதுல லாரி வந்து இடிக்குது. நாளைக்கு யாராவது கேட்டா மூணாவது ஒண்ணு பண்ணுவீங்க. அப்படித்தானே?"

"ஆமா மேடம். பண்ணலாம்."

சத்யா முனவராவின் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"அதனால ரெண்டையும் நம்பாதீங்க" என்றார் முனவரா. "ஆடுறத பாருங்க. நான் கை வைக்காதது அது ஒண்ணுதான். உங்க ஸ்கேல குடுங்க."

அசலை ஓடவிட்டு நிறுத்தினார். படம் எவ்வளவு ஆடினாலும், நிறுத்திய ஒரு காட்சியில், அதாவது ஒரு ஃப்ரேமில், எல்லாம் சேர்ந்தேதான் ஆடும். மரம் மேலே போனால் லாரியும் மேலே போகும். அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைக் கைநடுக்கம் மாற்றாது. இதற்கு மென்பொருள் வேண்டாம், படிப்பு வேண்டாம். ஸ்கேல் போதும்.

"சார், நீங்களே வைங்க" என்று ஸ்கேலைச் செங்குட்டுவனிடம் கொடுத்தார். "மரத்துக்கும் லாரி பின்பக்கத்துக்கும் எவ்ளோ?"

செங்குட்டுவன் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"ஆறு."

"மரத்துக்கும் அந்தம்மாவுக்கும்?"

"ரெண்டரை."

முனவரா சில காட்சிகள் தள்ளி நிறுத்தினார்.

"லாரி?"

"நாலரை."

"அந்தம்மா?"

"அதே ரெண்டரை."

இன்னும் தள்ளினார். செங்குட்டுவன் ஸ்கேலைத் திரையில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க" என்றார் திலகவதி.

"மூணு."

"லாரி நின்னுட்டுதான் இருந்துச்சின்னா, மரம் நடந்து போயி லாரிகிட்ட நின்னுச்சா சார்?" என்று கேட்டார் முனவரா. கீழ் ஓரத்தைப் பெரிதாக்கினார். சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றுக்கட்டி ஒரு காட்சியில் மேலே இருந்தது, அடுத்ததில் பக்கத்துக்கு வந்தது, அதற்கடுத்ததில் காணோம்.

செங்குட்டுவன் கடைசியாக ஒன்று முயன்றார். "மேடம், இவங்க கம்ப்யூட்டர்காரங்க. அசல்னு சொல்றாங்களே, இதுவே அசல்தானான்னு யாருக்குத் தெரியும்?"

நியாயமான சந்தேகம். அதனால்தான் திலகவதி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "சரி. உங்ககிட்ட இருக்கற அசல காட்டுங்க. ஒத்துப் பாத்துடலாம்."

"அது... இல்ல மேடம்."

"ஏன் இல்ல?"

"பென்டிரைவ்ல எடம் பத்தல. அழிச்சிட்டோம்."

"பதினெட்டு செகண்டுக்கு எடம் பத்தல" என்று திரும்பச் சொல்லியபடியே திலகவதி அதை நோட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே, "எடுத்தவரு போன்ல?" என்றார்.

செங்குட்டுவன் கூரையைப் பார்த்தார். அதற்கும் ஒரு வரி எழுதப்பட்டது.

'கவனக்குறைவு' தாள் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. லாரி பின்னோக்கி நகர்ந்தது, பின்னால் சைகை காட்ட ஆள் இல்லை, இது வேலையிடத்து விபத்து என்று பதிவானது. பாஸை ரத்து செய்யக் கூடாது என்றும் எழுதப்பட்டது. முதல் வீடியோவைத் தவறாகச் செய்தது தானே என்று முனவரா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார்.

இதற்குப் பிறகு எல்லாம் இனிதாகிவிட்டது என்று எழுதினால் அது நான் உங்களுக்குச் செய்யும் ஏமாற்று. ஒப்பந்தக்காரர் ஆட்களின் விசேஷங்கள் வேறு கடைக்குப் போய்விட்டன. கடைத்தெருவில் சிலர், "எந்தக் கட்சிக்காரன் சொல்லி இத பண்ணா" என்று இன்னும் விசாரிக்கிறார்கள். ஒருவர் தன் தவறைத் தானாகவே ஒப்புக்கொள்வார் என்பதை இந்த நாட்டில் நம்ப முடிவதில்லை. அதே ஒப்பந்தக்காரரின் லாரி அதே வீதிகளில் போகிறது. பின்னால் இப்போது ஓர் ஆள் நிற்கிறார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

விசாரணை நடந்த அன்று மாலை சத்யா மருத்துவமனையில் அம்மாவுக்கு ஆடுகிற வீடியோவையே போட்டுக் காட்டினார். பட்டம்மாள் படுத்தபடி பார்த்தார்.

"அப்ப நான் நவுரலதானே?"

"நவுரலம்மா."

"நல்லா பாத்துச் சொல்லு."

"அளந்தே பாத்துட்டாங்கம்மா. நீ நின்ன எடத்துலதான் நின்ன."

பட்டம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு நடந்ததை அவரே நம்பாமல் போகும்படி செய்துவிட்டார்களே, இடுப்பெலும்பை உடைத்ததைவிடப் பெரிய அக்கிரமம் இதுதான். எலும்பு கூடிவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

உங்களில் ஒருவரின் கைபேசியில், வேறு எதையோ எடுக்கப் போய் விழுந்த ஒரு விபத்தோ அடிதடியோ இப்போதும் கிடக்கலாம். ஆடுகிறது, ஒன்றும் தெரியவில்லை, நமக்கெதற்கு வம்பு என்று அதை அழிக்க நினைத்திருக்கலாம். அழிக்காதீர்கள். எந்தச் செயலியிலும் போட்டு அழகாக்காதீர்கள். எடுத்தது எடுத்தபடியே, அதில் விழுந்தவர் யாரோ அவர் வீட்டைத் தேடிப் போய், ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த வாரமே போங்கள்.